ரோகிணி நீரும் புத்தர் பெருமானும்



இமயத்தின் அடிவாரத்திலே, நேபாள நாட்டின் தராய் நிலத்தினின்று இறங்கி, உத்தரப்பிரதேசத்துட் புகுந்து, கோரக்பூர் நகரின் அருகே இராப்தி ஆற்றோடு கலக்கும் சிற்றாறு ஒன்று உண்டு. அதன் பெயர் ரோகிணி. கங்கையின் புகழ் அதற்கில்லை. காவிரியின் அகலமும் அதற்கில்லை. ஆயினும், தண்ணீரின் பொருட்டு மனிதர் வாளெடுத்த செய்தியையும், எடுத்த வாள் இரத்தம் காணாமலே உறைக்குள் மீண்ட செய்தியையும் ஒருங்கே உடைய ஆறு அது. பகவன் புத்தரின் வாழ்க்கையில் போதிமரத்தடியையும் மான்வனத்தையும் நாம் பலகாலும் பேசுகிறோம். ஆற்றங்கரையில் நின்ற புத்தரை அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்குறை நீங்க, அப்பெருமானின் வாழ்வை நீரின் வழியே நின்று ஈண்டுக் காண்போம்.

சற்றேறக்குறைய 2500 ஆண்டுகட்கு முன்னர், ரோகிணியின் ஒருகரையில் சாக்கியரும், மறுகரையில் கோலியரும் வாழ்ந்தனர். சாக்கியரின் தலைநகர் கபிலவஸ்து. இருகுலத்தாரும் ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்துப் பெண் கொண்டவர்கள். சாக்கியராகிய சுத்தோதனருக்கு வாழ்க்கைப்பட்ட மகாமாயா தேவியார் கோலியர் குலத்து மகளார் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வம்மையார் பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீடாகிய தேவதகத்திற்குச் செல்லும் வழியில், லும்பினி என்னும் சோலையிலே சித்தார்த்தர் பிறந்தார். புத்தர் பிறந்த இடம் இதுவே என அசோக மன்னர் எழுத்துப் பொறித்து நாட்டிய கற்றூண் இன்றும் அங்கு நிற்கின்றது. பிறந்த ஏழாம் நாளில் அன்னை மறைந்தார். அன்னையின் தங்கையாகிய மகாபிரஜாபதி கௌதமியார் குழந்தையைத் தம் பாலூட்டி வளர்த்தார். ஆகவே, ரோகிணியின் ஒருகரை சித்தார்த்தருக்குத் தந்தை வீடு. மறுகரை தாய் வீடு. இதனை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும்.

சாக்கியர் தம்மைப் போர்க்குலத்தார் என்று சொல்லிக்கொண்டாலும், அவர்களை வாழவைத்தது ஏரும் நெல்லுமே. சுத்தோதனர் என்னும் பெயரிலேயே சோறு என்னும் பொருள் உண்டு. அவர்தம் உடன்பிறந்தார் பெயர்களும் அவ்வாறே சோற்றின் பெயராய் முடிகின்றன. ஏர்பூட்டும் விழாவில் தந்தை உழுதுகொண்டிருக்க, சிறுவர் சித்தார்த்தர் நாவல் மரத்து நிழலில் அமர்ந்து சிந்தை ஒடுங்கினார் என்பதும் நாம் அறிந்ததே. நெல்லை நம்பிய நாட்டிற்கு நீரே உயிர். அந்நீரோ இருநாட்டார்க்கும் பொதுவாகிய ஒரே ஆற்றில் வந்தது.

சித்தார்த்தர் இல்லந்துறந்தமைக்குக் காரணமாக முதியவர், நோயாளி, பிணம், துறவி என்னும் நான்கு காட்சிகளை முன்னோர் கூறிவந்தனர். அண்ணல் அம்பேத்கர் இக்காரணத்தை ஏற்கவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1957இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலிலே, ரோகிணி நீர்ப்பூசலையே துறவுக்குக் காரணமாக வைத்தார். அந்நூலின்படி, நீர்ப்பங்கீட்டில் கைகலப்பு நேர்ந்தபின் சாக்கியர் சங்கம் கூடியது. கோலியர்மீது படையெடுப்பதென்று சேனாதிபதி தீர்மானம் கொண்டுவந்தார். சித்தார்த்தர் எழுந்து, பிழை இருபாலும் உண்டென்றார். இருதரப்பும் இவ்விருவரைத் தெரிந்தெடுக்கட்டும், அந்நால்வரும் கூடி ஐந்தாமவரைத் தெரிந்தெடுக்கட்டும், அவ்வைவரும் வழக்கைத் தீர்க்கட்டும் என்றார். பெரும்பான்மையோர் அதனைத் தள்ளினர். படையிற் சேர அவர் மறுத்தார். மறுத்ததற்குத் தண்டனையாக வந்த நாடுகடத்தலைத் துறவாக ஏற்று, மனைவியார் யசோதரையையும் மகன் இராகுலனையும் பிரிந்து, 29ஆம் வயதில் வெளியேறினார். நஞ்சை நிலத்தின் நீர்த்தாவாவை ஐவர் கூடிய அவையில் தீர்க்கலாமென்று அவர் சொன்னதை அன்று கேட்பாரில்லை.

ஆறாண்டுகள் தேடி, கயையின் அருகே அரசமரத்தடியில், 35ஆம் வயதில் அவர் புத்தரானார். பாலி உரைநூல்கள் ரோகிணிப் பூசலை இதற்குப் பின்னரே வைக்கின்றன. காலம் பற்றிய இவ்வேறுபாடு இருக்க, பொருளில் இரண்டும் ஒன்றே. இனி உரைநூல் கூறும் நிகழ்ச்சியைக் காண்போம்.

அது கடுங்கோடைக் காலம். ரோகிணியில் நீர் வற்றிற்று. ஆற்றின் குறுக்கே ஓர் அணை. அதனின்றே இருகரையாரும் வயலுக்குப் பாய்ச்சினர். பயிர் வாடியது. இருபக்கத்து உழவுத் தொழிலாளரும் அணையருகே கூடினர். நீரை இரண்டாகப் பிரித்தால் ஒருவர்க்கும் போதாது, எங்கள் பயிரோ இன்னும் ஒரு பாய்ச்சலில் விளைந்துவிடும், ஆகையால் நீரை எங்களுக்கே விடுங்கள் என்றனர் கோலியரின் ஆட்கள். எங்கள் பயிரும் ஒரு பாய்ச்சலில்தான் விளையும், நீங்கள் பத்தாயம் நிரப்பியபின் நாங்கள் பொன்னையும் மணியையும் கூடையையும் ஏந்திக்கொண்டு உங்கள் வாயிலில் வந்து நிற்பதோ என்றனர் சாக்கியரின் ஆட்கள். இதுவரை நடந்தது வழக்கு. இருபாலும் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருபாலும் இருக்கும் வழக்கே பங்கீட்டிற்கு ஏற்ற வழக்கு.

ஆனால், ஒருவன் மற்றொருவனை அடித்தான். அடிபட்டவன் திருப்பி அடித்தான். அதன்பின் பேச்சு நீரைவிட்டுப் பிறப்பிற்குத் தாவியது. உடன்பிறந்தாளை மணந்த நாய் நரிகளின் வழிவந்தவர் என்று சாக்கியரை இகழ்ந்தனர். தொழுநோய் கொண்டு இலந்தை மரப்பொந்தில் விலங்குபோல் கிடந்தவர் வழிவந்தவர் என்று கோலியரை இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சி அதிகாரிகள் காதிற்கும், அவர்கள் வழியே அரச குடும்பத்தார் காதிற்கும் சென்றது. படை திரண்டது. உடன்பிறந்தாளை மணந்தவரின் ஆற்றலைக் காட்டுவோம் என்று முழங்கிக்கொண்டு சாக்கியர் புறப்பட்டனர். இலந்தை மரத்தில் வாழ்ந்தவரின் ஆற்றலைக் காட்டுவோம் என்று முழங்கிக்கொண்டு கோலியர் புறப்பட்டனர்.

நேயர்களே, இம்முழக்கங்களை உற்று நோக்குங்கள். இரண்டிலும் தண்ணீர் என்னும் சொல்லே இல்லை. வாடிய பயிரைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. அணையருகே கிடந்த வழக்கு அணையருகேயே கிடந்தது. படையை நடத்தி வந்தது குலத்தின் மானம்.

அவ்வேளையில் பகவன் வந்து இரு படைக்கும் இடையே அமர்ந்தார். அவர் வான்வழியே வந்தாரென உரைநூல் புனைந்து கூறும். அப்புனைவை விடுத்து அவர் செய்ததைக் கொள்வோம். தம் குலத்து ஞானியைக் கண்டதும் இருபாலாரும் படைக்கலங்களைக் கீழே வைத்து வணங்கினர். இஃது என்ன சண்டை என்று அவர் அரசகுலத்தாரைக் கேட்டார். அவர்கள் தெரியாதென்றனர். யாருக்குத் தெரியும் என்றார். சேனாதிபதிக்குத் தெரியும் என்றனர். சேனாதிபதியோ உபராசனைக் கைகாட்டினான். இவ்வாறு ஒருவரையொருவர் கைகாட்டிக் கேள்வி கீழே கீழே இறங்கி, கடைசியில் வயலில் வேலைசெய்யும் அடிமைகளிடம் வந்து நின்றது. அவர்களே, சண்டை தண்ணீருக்காக என்று விடை கூறினர்.

யான் ஆலையில் தறியின்முன் நின்று உழைத்தவன். நூல் எங்கே அறுந்ததென்பதைத் தறியின்முன் நிற்பவனே அறிவான். மாடியில் இருப்போர் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆதலால் இக்கதையைப் படிக்குந்தோறும் இவ்விடத்தில் என் மனம் நின்றுவிடும். சாவதற்கும் கொல்வதற்கும் அணிவகுத்து நின்ற ஆயிரக்கணக்கானோரில், எதற்காகச் சாகின்றோம் என்பதை அறிந்தவர் வயற்காட்டு அடிமைகள் மட்டுமே. அவர்களை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பகவன் ஒருவரே அவர்கள்வரை இறங்கிவந்து கேட்டார்.

பின்னர், தண்ணீரின் விலை என்ன என்று அவர் கேட்டார். சிறிதே என்றனர். மனிதர் உயிரின் விலை என்ன என்றார். விலைமதிக்க இயலாதது என்றனர். அவ்வாறாயின் சிறிய விலைக்காக விலையற்ற பொருளை அழிப்பது தகுமோ என்றார். அவர்கள் வாயடைத்து நின்றனர். பகவன் தண்ணீரை இழிவாகக் கூறினார் என்று ஒருவரும் கொள்ளற்க. உயிரைக் காப்பதாலேயே நீருக்கு மதிப்பு உண்டாயிற்று. உயிரை அழித்துப் பெற்ற நீரைப் பாய்ச்சி விளைத்த நெல்லை உண்பதற்கு யார் எஞ்சியிருப்பார்? இதுவே அவ்வினாவின் கருத்து. தாம் வந்திராவிட்டால் இன்று இங்கே இரத்தம் ஆறாக ஓடியிருக்கும் என்றும், பகைவரிடையே பகையின்றி வாழ்வதே இன்பம் என்றும் அவர் அறிவுறுத்தினார். படைகள் கலைந்தன. இருகுலத்திலிருந்தும் 250 இளைஞர் வீதம் 500 பேர் பிக்குகளாயினர் என்பது உரைநூற் செய்தி. அவர்தம் மனைவியர் பின்னர் மகாபிரஜாபதி கௌதமியாரைத் தலைவியாகக் கொண்டு வைசாலிக்கு நடந்தே சென்று, பெண்களுக்கும் சங்கத்தில் இடம் கேட்டுப் பெற்றனர்.

அதன்பின் பகவன் வகுத்த ஒழுக்கத்தில் நீருக்கு இருந்த இடத்தையும் ஈண்டுக் கூறவேண்டும். பிக்குவின் எட்டு உடைமைகளுள் ஒன்று நீர் வடிகட்டும் துணி. உயிர்கள் இருப்பது தெரிந்தும் அந்நீரைப் பருகுதலும் மண்ணிற் கொட்டுதலும் குற்றமென்று விநயம் விதித்தது. நீராடினால் பாவம் தீருமென்ற கொள்கையையும் அவர் மறுத்தார். அவர் நெறியிற் சேர்ந்த புண்ணிகை என்னும் பெண், முன்னர்த் தண்ணீர் சுமந்த அடிமை. குளிரில் நடுங்கி நீராடிய பார்ப்பனர் ஒருவரை அவள் கண்டாள். நீரால் பாவம் தீருமாயின் தவளையும் ஆமையும் முதலையும் அன்றோ முதலில் வீட்டுலகு எய்தும் என்று அவள் கேட்டுத் திருத்தினாள். சிராவஸ்தியில் ஆனந்தர், கிணற்றடியில் நின்ற மாதங்கப் பெண்ணிடம் நீர் கேட்ட வரலாறும் நம் நெஞ்சில் நிற்பது. தன் குலத்தைச் சொல்லி அவள் தயங்க, யான் கேட்டது குலத்தையன்று, தண்ணீரையே என்று கூறி அவர் வாங்கிப் பருகினார்.

ஆயினும், சாக்கியர் தம் மகனிடம் இப்பாடத்தைக் கற்கவில்லை. அதன் முடிவு கொடியது. கோசல மன்னர் பிரசேனஜித் சாக்கியப் பெண் ஒருத்தியை மணக்க விரும்பினார். கோசலத்திற்கு அடங்கிய சாக்கியர் மறுக்கவும் அஞ்சினர். தம் குலப்பெண்ணைக் கொடுக்கவும் மனமில்லை. ஆகவே மகாநாமர் என்பார் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகளை அரசகுமாரியென்று சொல்லி அனுப்பினர். அவள் வயிற்றில் விடூடபன் பிறந்தான். 16 வயதில் அவன் பாட்டன் ஊராகிய கபிலவஸ்துவுக்கு வந்தான். அவனை வணங்க நேருமென்று தம் இளைஞரைச் சாக்கியர் வெளியூருக்கு அனுப்பிவிட்டனர். அவன் சென்றபின், அடிமை மகள் பெற்றவன் உட்கார்ந்த பலகையென்று கூறி, அதனைப் பாலும் நீரும் கொண்டு கழுவினர். மறந்துவிட்ட ஆயுதத்தை எடுக்கத் திரும்பிய வீரன் ஒருவன் அதனைக் கேட்டுச் சொன்னான். இன்று பாலால் கழுவிய பலகையை நான் அரசனாகும் நாளில் இவர்கள் கழுத்து இரத்தத்தால் கழுவுவேன் என்று விடூடபன் சூளுரைத்தான்.

அரசனானதும் படையெடுத்தான். மூன்று முறை பகவன் எல்லையில் சென்று, நிழலற்ற மரத்தடியில் அமர்ந்தார். நிழலுள்ள மரத்திற்கு வருமாறு அவன் வேண்ட, சுற்றத்தாரின் நிழலே குளிர்ச்சி என்றார். மூன்று முறையும் அவன் திரும்பினான். நான்காம் முறை பகவன் செல்லவில்லை. முற்பிறப்பில் சாக்கியர் ஆற்றுநீரில் நஞ்சு கலந்த வினையின் பயன் இதுவென்று அவர் கண்டார் எனப் பாலி உரை காரணம் கூறும். முற்பிறப்புக் கதையை நாம் அவ்வாறே ஏற்கவேண்டுவதில்லை. எனினும், பழைய பௌத்தர் மன்னிக்க முடியாத பாவமாக எதை எண்ணினர் என்பது இதனால் விளங்கும். பலர் பருகும் நீரில் நஞ்சிடுதலே அது. சாக்கியர் பெரும்பாலும் வெட்டுண்டு மாண்டனர். வென்று மீண்ட விடூடபனின் படையும் அசிரவதி ஆற்றுப்படுகையில் இரவு தங்கியபோது பெருவெள்ளம் வந்து அவனோடு அடித்துச் சென்றது. அசிரவதியே இன்றைய இராப்தி. ரோகிணி சென்று கலப்பதும் அதனோடுதான்.

பாலால் பலகையைக் கழுவிய கதையைப் பழங்கதையென்று தள்ள நம்மால் இயலுமோ? 1927 மார்ச் 20ஆம் நாள், மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் பருகினார். கால்நடைகள் பருகிய குளம் அது. அவர்கள் பருகியதும், பசுவின் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குடங்குடமாகக் கொட்டி அக்குளத்தைத் தூய்மை செய்ததாகச் சாதியார் கூறிக்கொண்டனர். அக்குளம் தனியார் உடைமையன்று என்ற வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர் பக்கம் தீர்ப்பளித்தது 1937இல். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு. படையில்லாத இடத்திலும், வாளில்லாத கையிலும், நீர் ஆயுதமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பகவனின் கடைசி ஆண்டிலும் நீர்ப்பகை அவரைத் தொடர்ந்தது. கங்கைத் துறையொன்றில் வந்திறங்கும் அரும்பொருள்களைப் பங்கிடுவதில் மகத மன்னன் அஜாதசத்ருவுக்கும் வைசாலியின் லிச்சவியருக்கும் பகை மூண்டதென்று உரைநூல் கூறும். வஜ்ஜியரை அழிக்க எண்ணிய மன்னன் தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவனிடம் அனுப்பினான். அவர்கள் கூடிப்பேசிக் கூடிக் கலையும்வரை அழியார் என்பதே பகவன் தந்த விடையின் சாரம். பின்னர் அவர் கங்கைக்கரையிலுள்ள பாடலிகிராமம் வந்தபோது, அங்கு வஜ்ஜியரைத் தடுக்கக் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வூர் பெருநகராகும், இதற்கு நெருப்பாலும் நீராலும் உட்பூசலாலும் அழிவு உண்டு என்று அவர் முன்னறிந்து கூறினார். அவ்வூரே பிற்காலத்துப் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா.

80 வயதில், பாவாவில் கொல்லன் மகன் சுந்தன் இட்ட உணவை உண்டபின் நோயுற்றுக் குசிநகரம் நோக்கி நடந்தார். வழியில் மரத்தடியில் அமர்ந்து, தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று ஆனந்தரிடம் கேட்டார். அப்பொழுதுதான் 500 வண்டிகள் ஓடையைக் கடந்துசென்று நீரைக் கலக்கியிருந்தன. சற்றுத் தொலைவில் ககுத்தை ஆறு தெளிந்து ஓடுகிறது, அங்கே பருகலாம் என்றார் ஆனந்தர். பகவன் மூன்றாம் முறையும் கேட்டார். ஆனந்தர் சென்று பார்க்க, நீர் தெளிந்திருந்தது. இரு நாட்டாரின் நீர்ப்போரைத் தடுத்தவர், தம் கடைசிப் பயணத்தில் வழிப்போக்கரைப்போல் ஒரு பாத்திரம் நீர் கேட்டுக் காத்திருந்தார். பின்னர் ககுத்தை ஆற்றில் நீராடி, குசிநகரத்துச் சாலமரங்களின் இடையே பரிநிர்வாணம் அடைந்தார்.

அதன்பின்னும் ஒரு போர் மூளவிருந்தது. அவர்தம் எலும்புத்தாதுக்களைக் கேட்டு எழுவர் வந்தனர். தர மாட்டோமென்று குசிநகரத்து மல்லர் மறுத்தனர். துரோணர் என்னும் பார்ப்பனர் இடைநின்று, பொறுமையைப் போதித்தவரின் உடலுக்காகப் போர் செய்வது அழகன்றென்று கூறி எட்டுப் பங்காகப் பிரித்தார். பங்கு பெற்றோருள் கபிலவஸ்துவின் எஞ்சிய சாக்கியரும் உண்டு; இராமகிராமத்துக் கோலியரும் உண்டு. ரோகிணி நீரைப் பங்கிட மறுத்து வாளெடுத்த இருகுலத்தாரும், தம் குலத்துப் புத்தரை அன்று அமைதியாகப் பங்கிட்டுக்கொண்டு இருகரைக்கும் திரும்பினர்.

தமிழகத்திற்கு வெளியே பிழைக்க வந்த தமிழராகிய நமக்கு இக்கதை தொலைவிலுள்ள கதையன்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர்மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் எழுந்தது. தமிழர் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. எரிந்த குடிசையில் இருந்தவன் கூலித் தொழிலாளி. அவனுக்குத் தஞ்சையிலே ஒரு காணி நிலமும் இல்லை. எரித்தவனுக்கும் மாண்டியாவில் வயல் இருந்திருக்குமோ என்பது ஐயமே. மொழியாலும் பிறப்பாலும் மாற்றான் என்ற சொல்லே தீயை வைத்தது. தீயால் தீராத அவ்வழக்கு, 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில், தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் பங்கீடாகவே தீர்ப்புப் பெற்றது. மனிதரைக் கொன்றதால் காவிரியில் ஒரு குடம் நீரும் கூடவில்லை.

ஆகவே, தம்ம சகோதரர்களே, சகோதரிகளே, இனி எங்கேனும் குழாயடியிலோ ஏரிக்கரையிலோ ஆற்றின் பெயராலோ பூசல் எழுமாயின், பகவன் கேட்ட கேள்வியை நாமும் கேட்போம். இஃது என்ன சண்டை என்று, அடிமட்டத்தில் நிற்பவன்வரை இறங்கிச் சென்று கேட்போம். தண்ணீர் போதவில்லை என்று அவன் சொல்வானாயின், உட்கார்ந்து பங்கிடுவோம். நம்முள் ஒருவன் மற்றவனின் பிறப்பை இழுத்துப் பேசத் தொடங்குவானாயின், அவ்விடத்திலேயே அவன் வாயைக் கைகூப்பி அடக்குவோம். ரோகிணிக்கரையில் பகவன் அமர்ந்த இடம் இருபடைக்கும் நடுவில் இருந்தது. அவ்விடம் நமக்காகவும் இன்னும் காலியாகவே இருக்கின்றது.